கம்பெனி என்னும் கிளவி: ஒரகடத்து வழக்கை முன்னிட்ட ஓர் ஆராய்ச்சி

தமிழில் ஆராய்வதற்கு இனி விஷயம் எஞ்சியிருக்கவில்லை என்று விசாரப்படுகிறவர்கள், வண்டலூர் வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோயில் ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் ஒரகடம் சந்திப்பில், ஷிப்டு மாறுகிற வேளையாகப் பார்த்து ஒரு நாழிகை நிற்க வேண்டும் என்று விநயத்துடன் கேட்டுக்கொள்கிறேன். பஸ்ஸுக்கு நிற்பவர், பஸ்ஸை ஓட்டுபவர், பஸ்ஸைத் தவறவிட்டவர், தவறவிட்டவருக்கு டீ ஆற்றிக் கொடுப்பவர் ஆகிய சகலருடைய வாயிலும் ஒரே சொல் புரண்டுகொண்டிருப்பதை அங்கே கேட்கலாம். ஒரு பழஞ்செய்யுளின் இரண்டாம் அடியில் வரும் உகரம் குறுகுமா குறுகாதா என்பதன் பொருட்டுப் புலவர்கள் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போகாமல் இருந்துவிட்ட தேசத்தில், ஆயிரக்கணக்கானோர் அன்றாடம் உச்சரித்து அதனாலேயே அடுப்பு மூட்டும் ஒரு சொல்லுக்குப் பொருள் என்ன என்று எவரும் வினவாதிருப்பது நம் கல்வி உலகின் சிரத்தைக்குச் சிறப்புச் சேர்ப்பதாக இல்லை. ஆகவே ‘கம்பெனி’ என்னும் கிளவியை எடுத்துக்கொண்டோம்.

இம்முயற்சிக்கு வித்திட்டது மலையாள தேசத்து இளைஞர் ஒருவர் வாய்மொழி. தரப் பரிசோதனைப் பிரிவில் உத்தியோகம் பார்க்கும் அவர், தம் அறைத்தோழரைச் சுட்டிக்காட்டி, “ஞங்ஙள் பண்டே கம்பனியா” என்றார். உடன் நின்ற வாலாஜாபாத்துக்காரர், இவ்விருவரும் கூட்டாக ஏதோ தொழில் ஆரம்பித்துவிட்டார்கள் என்று நிச்சயித்து, முதல் போட்டது யார், ஜி.எஸ்.டி. எண் வாங்கியாயிற்றா, ஆள் எடுக்கிறீர்களா, ஐ.டி.ஐ. முடித்த மச்சான் ஒருவன் வீட்டில் சும்மா இருக்கிறான் என்று மூச்சு விடாமல் விண்ணப்பம் வைத்தார். மலையாளத்தார் திகைத்து நின்றார். அவர் சொல்ல வந்தது, நாங்கள் நெடுநாளைய சிநேகிதர்கள் என்பது மட்டுமே. ஒரே டீக்கடையில், ஒரே சொல்லைக் கொண்டு, ஒருவர் நட்பையும் மற்றொருவர் வேலைவாய்ப்பையும் காண்பாராயின், அங்கே ஆராய்ச்சியாளனுக்கு இடம் உண்டு என்க.

முதலில் சரித்திரம். லண்டன் வணிகர்களுக்கு 1600-ஆம் ஆண்டின் கடைசி நாளில் அரசி எலிசபெத் அளித்த சாசனமும், 1639-இல் சென்னைக் கடற்கரையில் அவர்களுக்குக் கிடைத்த மணல்மேடும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவை. அக்காலத் தமிழில் இச்சொல் ‘கும்பினி’ என்றும், மலையாளத்தில் ‘கும்பஞ்ஞி’ என்றும் வழங்கியது. பழசிராஜா காலத்துத் தலச்சேரிக் கடிதப் போக்குவரத்தில் இப்பின்னைய வடிவம் மிகுதி. அந்த ஞகரத்தின் மூக்கொலியில் ஆங்கிலத்தைவிடப் போர்த்துக்கீசியத்தின் வாசனையே தூக்கலாக இருக்கிறது. ஒரகடத்து ஆராய்ச்சிக்கு இன்றியமையாத செய்தி என்னவென்றால், 1763-இல் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். இன்றைக்குக் கார்கள் உருண்டு வெளியேறும் ஏரிக்கரைகளெல்லாம் அன்றைக்கே கம்பெனிப் பூமிதான். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கும்பினிப் படையை நொறுக்கினார்கள். அவ்வட்டாரத்தில் கம்பெனிக்கு ஆள் பற்றாக்குறை ஏற்பட்ட முதல் சந்தர்ப்பங்களுள் அது ஒன்று.

1858-இல் கும்பினியின் ஆட்சி முடிந்தது. 1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. இடைப்பட்ட 138 ஆண்டுகளை இவ்வட்டாரத்தின் இருண்ட காலம் என்று கொள்வதே சரித்திர ஆசிரியர்களின் சம்பிரதாயத்துக்கு உகந்தது. தமக்கு ஆதாரம் கிடைக்காத நூற்றாண்டுகளில் ஜனங்கள் விளக்கேற்றவில்லை என்று முடிவு கட்டும் அவர்களுடைய துணிவை நாமும் பின்பற்றுகிறோம். நெல் விளைந்தது, ஏரி நிரம்பியது, ஸ்ரீபெரும்புதூரில் தேர் ஓடியது என்பனபோன்ற அற்பச் செய்திகளால் இக்கொள்கை தளராது. நாடகக் கம்பெனி, சினிமாக் கம்பெனி, பீடிக் கம்பெனி ஆகியவை வேறு திணை; விரிவஞ்சி விடுத்தாம்.

இனிச் சொற்பிறப்பு. நம் சொல்லாராய்ச்சி வல்லுநர்களில் ஒரு சாராருக்குப் பிறமொழிச் சொல் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. எல்லாம் ஒரு காலத்தில் இங்கிருந்து புறப்பட்டுச் சீமைக்குப் போய், கோட்டும் தொப்பியும் அணிந்து திரும்பி வந்தவை. அவர்கள் இச்சொல்லைக் ‘கும்பு’ என்னும் வேரில் இறக்கி, கும்பு, கும்பல், கும்பினி, கம்பெனி என்று படிக்கட்டு வைத்துவிடுவார்கள். மற்றொரு சாராருக்கு எதையும் வடமொழியில் கொண்டு சேர்த்தாலன்றி அன்னம் இறங்காது. அவர்கள் ‘கம்பனம்’ என்றால் நடுக்கம், ஆகையால் நடுக்கத்தை விளைவிப்பது கம்பனி என்பார்கள். தகுதிகாண் காலத்தில் இருக்கும் டிரெய்னிகள் இப்பின்னைய கொள்கையையே ஆதரிக்கிறார்கள் என்பதை நடுநிலையோடு பதிவு செய்கிறோம்.

மெய்யான பிறப்போ இருசாரார்க்கும் மனத்தாங்கல் தருவது. லத்தீனில் ‘கொம்’ என்றால் உடன். ‘பானிஸ்’ என்றால் ரொட்டி. கூட உட்கார்ந்து ரொட்டி தின்கிறவன் எவனோ அவனே கூட்டாளி. அக்கூட்டாளிகளின் சேர்க்கை கம்பெனி. பந்தியில் தோன்றிய இந்தப் பொருளை, ஐரோப்பியப் பேரகராதிகளைத் தொட்டறியாத நம் பையன்கள் தம் போக்கிலேயே கண்டுகொண்டிருக்கிறார்கள். புதிதாக வேலையில் சேர்ந்தவனைப் பார்த்து ஒரகடத்தில் கேட்கப்படும் முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியதன்று, “கேன்டீன் எப்படி?” என்பதே. சாம்பார் நீர்த்திருந்தால் கம்பெனி சரியில்லை. வாரத்தில் ஒரு நாள் பிரியாணி உண்டென்றால் நல்ல கம்பெனி. அந்தக் கேள்விக்கு வேடிக்கையாகாத வேறொரு விடையும் உண்டு. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள், விடுதிச் சாப்பாட்டினால் நூற்றைம்பது பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர நேர்ந்தபோது, சென்னை பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தது. ‘பானிஸ்’ கெட்டால் கம்பெனி நில்லாது என்பதற்கு இதைவிடப் பிரமாணம் லத்தீனிலும் கிடையாது.

இப்போது இந்நூலின் உயிர்நிலையான இலக்கணப் பகுதிக்கு வருகிறோம். வாசகர்கள் வேண்டுமானால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

இச்சொல் எழுவாயாக நிற்கும் இடங்களைத் தொகுத்தபோது இரண்டு பாடங்கள் கிடைத்தன. சந்திப்புத் தேநீர்க்கடைப் பிரதியில் “கம்பெனி சொல்லிடுச்சு” என்று இருக்கிறது. இப்பிரதி வடை மடித்த தாளின் பின்புறத்தில் உள்ளது. எண்ணெய்க் கறையின் பரவலையும் ஆழத்தையும் கொண்டு, இது மெதுவடைக் காலத்துக்குப் பிற்பட்டதென்றும் போண்டாக் காலத்துக்கு முற்பட்டதென்றும் துணிந்தோம். நிறுத்தத்துக்கு எதிரே உள்ள கடைக்காரர் இதை மசால்வடைக் காலத்தது என்று வாதிடுவது அவருடைய வியாபார அபிமானத்தால் என்று தள்ளுக. மற்றது பஸ் பின்னிருக்கைப் பிரதி: “கம்பெனியில சொல்லிட்டாங்க.” இது இருக்கையின் முதுகில், சாவி நுனியால், ஓடுகிற வண்டியில் பொறிக்கப்பட்டமையால் மெய்யெழுத்துக்களின் புள்ளிகள் அனைத்தும் வேகத்தடைகளில் மட்டுமே விழுந்திருக்கின்றன. இவ்வேட்டின் இரண்டாம் அடியைப் பின்வந்த ஒருவர் காதற்பொருளில் திருத்தி, இதயமும் அம்பும் வரைந்து, தம் பெயரின் முதல் எழுத்தை இட்டிருக்கிறார். அவ்வெழுத்து ‘ம’ என்பாரும் ‘ய’ என்பாரும் உளர். இது பற்றிப் பின்னிருக்கை உரையாசிரியருக்கும் சன்னலோர உரையாசிரியருக்கும் நிகழ்ந்த விவாதம் வல்லக்கோட்டை நிறுத்தத்தில் தொடங்கி வல்லம் வடகால் வரையில் நீண்டு, இருவரும் இறங்க வேண்டிய இடத்தைக் கடந்துபோனபின் நடத்துநர் முன்னிலையில் சமாதானமாயிற்று. பெயர் அறியப்படாத ஒரு மூன்றாம் உரைகாரர், அது எழுத்தே அன்று, கீறல் என்றார். அவர் தூங்கி எழுந்தவர் ஆதலால் அவருரை கொள்ளப்படாது.

இவ்விரு பாடங்களில் பின்னையதே பெருவழக்கு. இங்கே ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘கம்பெனியில்’ என்பது ஏழாம் வேற்றுமை, இடத்தைக் குறிப்பது. ‘சொல்லிட்டாங்க’ என்பது உயர்திணைப் பலர்பால் முற்று. இடம் இருக்கிறது, வினை இருக்கிறது, எழுவாய் எங்கே? கும்பினிக் காலத்தில் ‘கும்பினியார்’ என்று ஆர் விகுதி கொடுத்து மனிதர்களாகப் பாவித்தார்கள்; சபிப்பதற்காவது ஒரு முகம் கிடைத்தது. இக்காலத்தில் ‘கம்பெனியார்’ என்று எவரும் சொல்வதில்லை. செய்தவர் பெயர் முற்றிலும் மறைந்து, ஏழாம் வேற்றுமையே எழுவாயின் நாற்காலியில் அமர்ந்துவிட்டது. வேற்றுமை மயக்கம் என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது, ஒதுக்கக் கூடாது.

மறைந்த எழுவாயைத் தேடிப் புறப்பட்டோம். ஷிப்டு நேரம் மாறியது. ஏன் என்று லைன் லீடரைக் கேட்டோம். “கம்பெனியில சொல்லிட்டாங்க” என்றார். அவருக்குச் சொன்ன சூப்பர்வைசரும் அவ்வாக்கியத்தையே, ஆனால் இஸ்திரி போட்ட சட்டையோடு, சொன்னார். எச்.ஆர். பிரிவில் அதே வாக்கியம் ஆங்கில வினைமுற்றோடு கிடைத்தது. ஆலைகளின் தலைமைப் பீடங்கள் கடல் தாண்டிக் கைகாட்டின: ஒன்று ஸியோலை நோக்கி, ஒன்று யோகோஹாமாவை நோக்கி, ஒன்று ஸ்டுட்கார்ட் பக்கமாக, ஒன்று தைவானை நோக்கி. அவ்விடங்களிலும், மொழி தெரியாவிட்டாலும் தோளைக் குலுக்கும் பாங்கிலிருந்து, அதே ஏழாம் வேற்றுமைதான் வழங்குகிறது என்று ஊகிக்கலாம். பங்குதாரர்களே உடைமையாளர்கள், அவர்களைக் கேள் என்பது சட்டத்தின் கட்டளை. ஆனால் 2024 அக்டோபரில் ஹூண்டாயின் இந்தியக் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தபின், அதன் உடைமையாளர்களில் ஒருவர் தாம்பரத்தில் மியூச்சுவல் ஃபண்டுக்கு மாதத் தவணை கட்டும் ஓய்வூதியக்காரராகவும் இருக்கக்கூடும்; இருங்காட்டுக்கோட்டையில் ஷிப்டு மாறியதை அவர் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார். மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் தேடினாலும் சொன்னவர் எவரும் இல்லை. சொல்லப்பட்டது மட்டும் இருக்கிறது.

இவ்விலக்கணம் வெறும் விளையாட்டல்ல என்பதற்கு நோக்கியாவின் கதையே உதாரணம். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலை 2014 நவம்பர் 1-ஆம் தேதி நின்றது. கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சொத்து முடக்கப்பட்டிருந்த இந்த ஆலை விற்பனையில் சேராமல் கைவிடப்பட்டது. வருமான வரித் துறைக்கு ஒரு நியாயம், நீதிமன்றத்துக்கு ஒரு நியாயம், பின்லாந்துக்கு ஒரு நியாயம், அமெரிக்காவுக்கு ஒரு நியாயம். ஊரார் வாக்கியமோ “கம்பெனியை மூடிட்டாங்க” என்பது. இங்கே நம் கிளவி இரண்டாம் வேற்றுமை ஏற்றது. எழுவாய் வழக்கம்போல் வரவில்லை.

எழுவாய் புலப்படாவிட்டால் இல்லை என்று சொல்வது நாஸ்திகம். ஸ்ரீபெரும்புதூரோ, சம்பிரதாயப்படி 1017-இல் ராமாநுஜர் அவதரித்த க்ஷேத்திரம். எல்லாவற்றுக்குள்ளும் உறைந்து இயக்குகிற அந்தர்யாமியை ஸ்ரீபாஷ்யத்தில் நிலைநாட்டியவர் அவர். ஆகவே ‘சொல்லிட்டாங்க’ என்பதன் எழுவாயை அந்தர்யாமி என்று கொள்வோரும் உண்டு. அவருக்குப் பிற்பட்ட ஆசாரியர்கள் ரக்ஷிப்பு விஷயத்தில் இரண்டு நியாயங்கள் சொன்னார்கள்: தாய்ப்பூனை குட்டியைத் தானே கவ்விச் செல்லும் என்பது தென்கலையார் மார்ஜார நியாயம், குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலையார் மர்க்கட நியாயம். தொழிற்பேட்டை இவ்விரண்டையும் ஒரே வேலிக்குள் சமரசம் செய்து வைத்திருக்கிறது. கம்பெனி ரோலில் இருப்பவர் பூனைக்குட்டி. கான்ட்ராக்டில் இருப்பவர் குரங்குக்குட்டி, ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதங்களில் பிடியை இன்னும் இறுக்கிக்கொள்வார். இருவரும் ஒரே லைனில் ஒரே போல்ட்டை முடுக்குவதனால் வெளியார்க்குப் பேதம் தெரியாது. பெண் வீட்டாருக்குத் தெரியும். “மாப்பிள்ளை கம்பெனியில இருக்காரு” என்று தரகர் சொன்ன மாத்திரத்தில், உத்திரமேரூர்ப் பக்கத்துப் பாட்டியும் “ரோலா, கான்ட்ராக்டா?” என்று கேட்டுவிடுகிறாள். சித்தாந்தத்தை இத்தனை சுருக்கமாக வேறு எவரும் கேட்டதில்லை.

‘கம்பெனி வருதாம்’ என்பது நிலம் உடையார் வழக்கு. இதிலுள்ள ‘ஆம்’ விகுதியே முக்கியம். சர்வேக் கல் நட்டபின் அது உதிர்ந்துவிடும்.

பீகார், ஒரிஸாக்காரர் வழக்கில் கம்பெனி என்பது கம்பெனியே. ஆராய ஒன்றுமில்லை.

எஞ்சியது மலையாள வழக்கு. மலையாளத்தில் இது ஆலையையும் நிறுவனத்தையும் குறிக்கும் என்பது வாஸ்தவம். ஆனால் அம்மொழியின் இளைஞர் வாயில் இதன் நல்ல பொருள் தோழமை. “அவன் என்றெ கட்டக் கம்பனியா” என்றால் அவன் என் நெருங்கிய சிநேகிதன். ‘கம்பனி கூடுக’ என்றால் சேர்ந்து பொழுதுபோக்குதல். பொழுதைப் போக்கும் திரவம் இன்னதென்று சூத்திரத்தில் கூறப்படவில்லை, உரையிற் கொள்க. “ஆள் நல்ல கம்பனியா” என்றால் பழகுவதற்கு இனியவர். நம்மவர்களும் ‘கம்பெனி கொடுப்பது’ உண்டு. ஆனால் நாம் அதைக் கொடுக்கிறோம், பிறகு வீட்டுக்குப் போய்விடுகிறோம். மலையாளத்தாரோ கம்பனியாகவே ஆகிவிடுகிறார். கொடுத்தல் வேறு, ஆதல் வேறு. ஆனால் கும்பஞ்ஞியின் பீரங்கியைப் பார்த்த வயநாட்டுக் குறிச்சியரிடம் போய், உங்கள் பின்னோர் உயிர்த்தோழனை இச்சொல்லால் அழைப்பார்கள் என்று சொல்லியிருந்தால் அம்பு நம்மை நோக்கி வந்திருக்கும்.

இதைப் பிழை என்று தள்ளுவார்க்கு ஒரு விடை: தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார், திசைச்சொல் வழங்கும் கொடுந்தமிழ் நிலங்களில் மேற்கே குட்டநாட்டையும் குடநாட்டையும் உரையாசிரியர்கள் சேர்த்தே எண்ணினார்கள். தாயைத் ‘தள்ளை’ என்பதை ஏற்றுக்கொண்ட இலக்கணம், தோழனைக் ‘கம்பனி’ என்பதற்கு வாயிலில் காவலாளியை நிறுத்தி அடையாள அட்டை கேட்க நியாயமில்லை. அன்றியும் ரொட்டி பங்கிடுகிறவன் என்னும் மூலப்பொருளைக் கெடாமல் காத்தவர் யார் என்று பார்த்தால், வாலாஜாபாத்துக்காரர் அல்லர். கோட்டயத்திலிருந்து வந்து, அறைத்தோழனோடு ஒரே பொட்டலத்துப் பரோட்டாவைப் பிய்த்துக்கொள்ளும் அந்தத் தரப் பரிசோதகரே. லத்தீன் பண்டிதர் ஒருவரை ஒரகடத்துக்கு அழைத்து வந்து இருவரையும் காட்டினால், அவர் எவர் பக்கம் தீர்ப்புச் சொல்வார் என்பதில் ஐயம் இல்லை. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும்படியாக 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மகளிர் விடுதியில், எந்தப் பொருள் எந்த அறையில் வழங்குகிறது என்று தனியே ஆராய வேண்டும். அதற்கு ஆண் ஆராய்ச்சியாளர்களுக்கு அனுமதி கிடையாது என்பது, இதுகாறும் வெளிவந்த பல ஆராய்ச்சிகளின் கதியைப் பார்க்கையில், துறைக்கு நல்லதே.

இறுதியாகச் சட்டம். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், இச்சட்டத்தின் கீழோ இதற்கு முந்திய சட்டத்தின் கீழோ கம்பெனியாகப் பதிவானதே கம்பெனி என்று வரையறுக்கிறது. கம்பெனி எது என்றால் கம்பெனி என்று பதிந்தது. இதைவிடத் தெளிவாக நன்னூலாரும் சொல்லியிருக்க முடியாது. பதிவு என்பதன் மகிமை சுங்குவார்சத்திரத்தில் விளங்கிற்று. 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி தொடங்கி 37 நாள், சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊதியம் முதலிய கோரிக்கைகளோடு சங்கத்துக்கு அங்கீகாரமும் கேட்டார்கள். சங்கத்தின் பெயரில் தன் பெயர் வருவதை நிறுவனம் ஆட்சேபித்தது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரையில் சென்று, 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. சொல் எவருடைய சொத்து என்னும் கேள்வியில் இலக்கணிகள் நுழைவதற்குள் வக்கீல்கள் நுழைந்துவிட்டார்கள்.

மலையாள வழக்கை இங்கே பொருத்தினால் வேறொரு சங்கடம். அந்த 37 நாளும் வேலியின் உட்புறம் இருந்தது பதிவான கம்பெனி. பந்தலடியில் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தவர்கள், கோட்டயத்துக்காரர் பேச்சில், கம்பனி. வடிவம் கிட்டத்தட்ட ஒன்று, வேலி ஒன்று, பொருள் இரண்டு. இதைப் பஸ் பின்னிருக்கை உரையாசிரியரிடம் எடுத்துச் சொன்னபோது, எகரம் அகரமாவதைத் தவிர இரண்டுக்கும் வேறுபாடு காணேன் என்று அவர் சாதித்தார். சன்னலோரத்தவர் மறுத்துப் பேச வாயெடுத்தார். அதற்குள் அவர் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.